மாறுகண்ணுக்கு போடாக்ஸ் ஊசி: இரண்டாம் வாரத்துப் பயமும் ஆறாம் மாதத்துக் கணக்கும்

“ஊசி போடுறதுக்கு முன்னாடி கண்ணு மூக்குப் பக்கம் போச்சு, இப்ப காதுப் பக்கம் போகுது, இமை வேற பாதி மூடிக் கிடக்குது, என்னதான் செஞ்சு அனுப்பியிருக்காங்க?” மாறுகண்ணுக்கு போடாக்ஸ் ஊசி போட்ட குழந்தையின் வீட்டில் பத்துப் பன்னிரண்டாம் நாள் வாக்கில் பாட்டி இப்படிக் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வாரம் அவர் பார்க்கிற கண், மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அதை யாரும் முன்கூட்டியே உட்கார்ந்து விளக்காததால் வீட்டில் பயம் வருகிறது, பயத்தில் அடுத்த செக்கப்புக்குப் போகாமல் விட்டுவிடத் தோன்றுகிறது. இந்த சிகிச்சையில் அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு இல்லை.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்துவிட்ட குடும்பங்களையும், இன்னும் செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் குடும்பங்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். போடாக்ஸ் என்றதும் நடிகைகள் சுருக்கம் போக்கப் போடுகிற ஊசிதானே, அதை எதுக்குப் பச்சைப் பிள்ளைக்குப் போடணும் என்று கேட்கிறார்கள். உண்மையில் நடந்தது தலைகீழ். இந்த மருந்து மாறுகண்ணுக்காக உருவானது. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர், கத்தி வைக்காமல் கண் தசையின் இழுப்பைக் குறைக்க ஏதாவது மருந்து உண்டா என்று தேடி, பல மருந்துகளைக் குரங்குகளின் கண் தசையில் போட்டுப் பார்த்தார். கடைசியில் கைகொடுத்தது, கெட்டுப்போன உணவில் கிருமியால் உருவாகி ஆளையே கொல்லக்கூடிய பொட்டுலினம் நச்சின் மிக மிகச் சிறிய அளவு. குரங்கு ஆய்வு 1973ல் வெளிவந்தது, 1970களின் கடைசியில் மனிதர்களுக்குப் போட ஆரம்பித்தார், 1989 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மாறுகண்ணுக்கும் தானாக இமை இறுகி மூடிக்கொள்ளும் ஒரு நோய்க்கும் அனுமதி கொடுத்தது. அப்போது அதன் பெயர் ஆக்குலினம். அலர்கன் நிறுவனம் வாங்கிய பிறகுதான் போடாக்ஸ் ஆனது, சுருக்கத்துக்கான அனுமதி 2002ல்தான் வந்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அந்த 1989 அனுமதி 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கண் மருத்துவர்கள் உலகம் முழுக்கப் பல ஆண்டுகளாகப் போட்டு வருகிறார்கள், ஆய்வுகளும் நிறைய உண்டு, ஆனாலும் மருந்தோடு வரும் விவரத் தாளில் அச்சிட்ட வயது அதுதான். டாக்டரிடம் இதைப் பற்றித் தாராளமாகக் கேட்கலாம், நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

சரி, ஊசி என்ன செய்கிறது? ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அதில் மூக்குப் பக்கம் இழுப்பது ஒன்று, காதுப் பக்கம் இழுப்பது ஒன்று. கண் உள்பக்கம் திரும்பியிருக்கிற குழந்தைக்கு மூக்குப் பக்கத் தசையின் இழுப்பு மேலோங்கி நிற்கிறது. நரம்பு தசைக்குக் கட்டளை கொடுப்பது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கொட்டித்தான். இந்த மருந்து நரம்பு நுனிக்குள் போய், அதைக் கொட்டுவதற்குத் தேவையான ஒரு புரதத்தை வெட்டிவிடுகிறது. கட்டளை வராததால் தசை தளர்ந்துவிடுகிறது. நரம்பு சாவதில்லை, தசையும் கிழிவதில்லை, சில வாரங்களில் நரம்பு தன்னைச் சரிப்படுத்திக்கொள்ள, இரண்டு மூன்று மாதத்தில் மருந்தின் பிடி போய்விடுகிறது.

அப்படியென்றால் மூன்று மாதம் கழித்துக் கண் பழையபடி திரும்பிவிடாதா? சுருக்கத்துக்குப் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறார்களே. இங்கேதான் கண்ணின் கதை வேறு. கோயில் திருவிழாப் பந்தலில் ஒரு பக்கக் கயிற்றைத் தளர்த்தினால் எதிர்ப்பக்கக் கயிறு கம்பத்தைத் தன் பக்கம் சாய்க்கும், அதே மாதிரி மூக்குப் பக்கத் தசை தளர்ந்திருக்கும் நேரத்தில் எதிர்த்தசை கண்ணை வெளிப்பக்கம் இழுக்கிறது. அந்த நிலையில் வாரக்கணக்கில் இருக்கும்போது தளர்ந்த தசை நீண்டு வளர்கிறது, எதிர்த்தசை குறுகிக்கொள்கிறது, தசை நார்களே புதிய நீளத்துக்குத் தங்களை மாற்றிக்கொள்கின்றன. மருந்து விலகும்போது தசைக்கு வலு திரும்புகிறது, நீளம் பழையபடி முழுக்கத் திரும்புவதில்லை. இது பாதிக் காரணம்.

மீதிப் பாதி மூளையில் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான பாதி. இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்த்தால்தான் மூளை இரண்டு படத்தையும் சேர்த்து ஒரு படமாக, ஆழத்தோடு பார்க்கும். கண்கள் வேறு வேறு பக்கம் பார்த்தால் படம் இரட்டிக்கும். பெரியவர்களுக்கு அது தலைசுற்றும் வேதனை. சின்னப் பிள்ளையின் மூளையோ ஒரு கண்ணின் படத்தை அணைத்துவிடுகிறது. அணைத்த கண் பயன்படாமல் போய்ப் பார்வை மங்குகிறது, அதைத்தான் சோம்பல் கண் என்கிறார்கள். டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு பேர் 1960களில் பூனைக்குட்டிகளை வைத்து இதைக் காட்டினார்கள். குட்டி வயதில் செயற்கையாக மாறுகண் உண்டாக்கினால், இரண்டு கண்ணிலிருந்தும் செய்தி வாங்கவேண்டிய மூளை உயிரணுக்களில் பெரும்பாலானவை அந்தத் திறனை இழந்துவிடுகின்றன. அவர்களுக்கு 1981ல் நோபல் பரிசு கிடைத்தது. இதிலிருந்து நமக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: மூளை பழகிக்கொள்ளும் பருவம் சில வருடங்கள்தான். ஊசி கண்களை நேராக்கித் தருகிற அந்த இடைவெளியில், மூளை இரண்டு படத்தையும் சேர்த்துப் பார்க்கப் பழகிவிட்டால், மருந்து போன பிறகும் மூளையே கண்களை நேராகப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழகாவிட்டால் கண் மெல்லப் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.

அதனால்தான் எந்தப் பிள்ளைக்கு இது பொருந்தும் என்பதில் டாக்டர்கள் அவ்வளவு யோசிக்கிறார்கள். பிறந்த ஆறு மாதத்துக்குள் கண் உள்பக்கம் திரும்பி, கோணம் அவ்வளவு பெரிதாக இல்லாத குழந்தை. அல்லது அதுவரை நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்து திடீரென்று கண் உள்ளே திரும்பிய பெரிய பிள்ளை. இந்த இரண்டாவது வகைக்கு ஊசி நன்றாகக் கேட்கும், ஏனென்றால் அந்த மூளைக்கு ஏற்கெனவே இரண்டு கண்ணாலும் பார்க்கத் தெரியும். கைப்பேசியை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து நாளுக்குப் பல மணி நேரம் பார்த்த பிள்ளைகளிடம் இந்தத் திடீர் வகை வந்ததாக 2016ல் தென் கொரிய மருத்துவர்கள் எழுதினார்கள். கைப்பேசிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல அது போதாது, கையிலிருந்து வாங்கி வைக்க அது போதும். கண்ணை வெளிப்பக்கம் அசைக்கும் ஆறாவது மூளை நரம்பு அடிபட்டுச் செயலிழந்த பிள்ளைக்கும் சில நேரம் போடுவார்கள், நரம்பு தேறும் வரை எதிர்த்தசை இறுகிப்போகாமல் இருக்க.

கோணம் மிகப் பெரிதாக இருந்தால், கண் மேலும் கீழுமாகவும் விலகினால், தழும்பு விழுந்து தசை இறுகியிருந்தால், அறுவை சிகிச்சைதான் வழி. இன்னொரு பெரிய கூட்டம் இருக்கிறது. இரண்டு மூன்று வயதில், படத்தையோ பொம்மையையோ கிட்டத்தில் பார்க்கும்போது கண் உள்ளே போகிற பிள்ளைகள். இவர்களில் பலருக்கு பிளஸ் பவர் கண்ணாடி தேவைப்படும் தூரப்பார்வைக் குறை இருக்கும், அதைச் சமாளிக்கக் கண் அதிகமாகக் குவிகிறது, குவியும்போது உள்ளே திரும்புகிறது. இப்படிப்பட்டவர்களில் பலருக்கு ஊசியும் வேண்டாம் கத்தியும் வேண்டாம், சரியான பவர் கண்ணாடி போட்டாலே கண் நேராகிவிடும். ஆகவே எந்த டாக்டரும் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு பவர் பார்க்காமல் ஊசி பேச்சை எடுக்க மாட்டார். அந்தச் சொட்டு விட்டால் வெளிச்சம் கூசும், ஒரு தொப்பி கொண்டுபோங்கள்.

கத்தியா ஊசியா என்று ஒப்பிட்டவர்கள் என்ன கண்டார்கள்? கோணம் சிறிதும் நடுத்தரமுமாக இருக்கும் உள்நோக்கு மாறுகண்ணில் ஊசி அறுவைக்கு அருகில் வருகிறது, கோணம் ஏற அறுவை முந்திக்கொள்கிறது. 2017ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு அதுவரை இருந்த சோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, தரமான சோதனைகள் கையளவுதான், உறுதியான முடிவு சொல்ல அவை போதாது என்றது. ஆகவே ‘ஊசி போட்டா போதும், ஆபரேஷன் வேணாம்’ என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள், ‘அதெல்லாம் சும்மா’ என்றாலும் நம்பாதீர்கள். ஊசிக்கு இருக்கிற உண்மையான பலம் வேறு: சில நிமிட வேலை, தசையை வெட்டுவதில்லை தைப்பதில்லை, மயக்கம் குறைந்த நேரம், பலிக்காவிட்டால் அறுவைக்கான கதவு திறந்தே இருக்கிறது. அறுவைக்கான வரிசை நீளமாக இருக்கும் இடத்தில், குழந்தையின் மூளைக்கு மாதங்கள் கணக்காகும் நேரத்தில், சீக்கிரம் நேராக்கக் கிடைக்கும் வாய்ப்பு சின்ன விஷயமில்லை.

ஊசி போடும் நாள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரியவர்களுக்குக் கண்ணை மரக்க வைத்து உட்கார்ந்தபடியே போடுவார்கள், சின்னப் பிள்ளை அசையும் என்பதால் சிறிது நேரம் மயக்க மருந்து கொடுப்பார்கள். அதற்காக வயிறு காலியாக இருக்க வேண்டும், சாப்பாடு ஆறு மணி நேரம், தாய்ப்பால் நான்கு மணி நேரம், தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்னால் நிறுத்துவது பொதுவான வழக்கம், உங்கள் மருத்துவமனை சொல்வதே கணக்கு. பஸ்ஸில் அழுகிற பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு, அங்கே போனதும் மிஸ்ஸி (நர்ஸ்) கேட்டுத் திருப்பி அனுப்பினால் ஒரு நாள் சம்பளமும் போச்சு, அடுத்த தேதி எப்போதோ. கூட வருகிற அப்பாயி, அத்தை எல்லோரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். உள்பக்கம் திரும்பிய கண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கத் தசையில் போடுவார்கள். ஊசி கண்ணுக்குள் போவதில்லை, விழியின் வெளியே தசைக்குள் போகிறது. பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

அளவைப் பற்றிய பயம் இருக்கும். ஒரு தசைக்கு 1.25 முதல் 5 யூனிட் வரை போடுவார்கள். புருவங்களுக்கு நடுவே உள்ள சுருக்கத்துக்குப் போடுகிற வழக்கமான அளவு 20 யூனிட். மூளை முடக்குவாதத்தால் கால் இறுகிய பிள்ளைகளுக்கு அதைவிடப் பல மடங்கு போடுகிறார்கள். ஆளைக் கொல்லும் அளவு ஆயிரக்கணக்கான யூனிட்டில் இருக்கும் என்பது குரங்குகளை வைத்துப் போட்ட கணக்கு. நச்சு என்ற பெயர் பயமுறுத்தத்தான் செய்யும், கண் தசைக்குப் போகும் அளவு அந்தப் பயத்துக்கு வெகு கீழே.

இப்போது அந்த இரண்டாம் வாரம். போட்ட அன்றும் மறுநாளும் எதுவும் தெரியாது. இரண்டு மூன்று நாளில் தசை தளர ஆரம்பித்து, ஒன்று இரண்டு வாரத்தில் உச்சத்துக்குப் போகும். உள்ளே போன கண் நேராகி, நேரையும் தாண்டி வெளியே போகும். இது வேண்டுமென்றே அப்படி. தசை நீள வேண்டுமென்றால் அது சிறிது காலம் நீட்டிப் பிடிக்கப்பட வேண்டும், நேராக வந்து அங்கேயே நின்றுவிட்டால் மருந்து போனதும் பாதி திரும்பிவிடும். மருந்தில் கொஞ்சம் பக்கத்திலுள்ள இமைத் தசைக்குக் கசிந்தால் இமை தொங்கும், இது பிள்ளைகளிடம் அடிக்கடி வருகிற பக்கவிளைவு. கண் கொஞ்சம் மேலேயோ கீழேயோ விலகிப் பார்ப்பதும் உண்டு. மொழி தெரிந்த பிள்ளை ரெண்டு ரெண்டா தெரியுது என்று சொல்லும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், படியில் தடுமாறும். பாலர் பள்ளி ஆசிரியரிடமும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடமும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. வாரங்கள் போகப் போக இமை ஏறும், கண் நடுவுக்கு நகரும். மூன்றாம் மாதம் வாக்கில் மருந்து போய்விட, ஏறக்குறைய ஆறாம் மாதம் இருக்கும் நிலையை வைத்துத்தான் பலித்ததா என்று டாக்டர் கணக்குப் பார்ப்பார். பத்தாம் நாள் எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஊர் முழுக்கத் தீர்ப்பு கேட்பதால் யாருக்கும் பயனில்லை.

இதில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். கைக்குழந்தையின் இமை கண் பாப்பாவையே மூடும் அளவுக்குத் தொங்கினால், அந்தக் கண்ணுக்கு வெளிச்சமே போகாமல் சோம்பல் கண் வரலாம். அடுத்த தேதி வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு போன் செய்து கேளுங்கள். மற்றபடி ஊசி விழிச்சுவரைக் குத்திவிடுவது, கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிவது போன்றவை மிக அரிது, ஆனால் உண்டு. கண் சிவந்து வீங்கி வலியோடு இருந்தாலோ, பிள்ளைக்கு மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம், உடம்பு தளர்ச்சி என்று தெரிந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். தசை பலவீன நோய் குடும்பத்தில் இருந்தாலும், பிள்ளைக்கு வேறு மருந்து ஏதாவது ஓடிக்கொண்டிருந்தாலும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இந்த ஊசியின் வேகத்தைக் கூட்டிவிடும்.

இதெல்லாம் டாக்டர் வரை போய்ச் சேர்ந்த பிள்ளையின் கதை. நம் பக்கம் பாதிப் பிள்ளைகள் அங்கே போய்ச் சேருவதற்கே வருடங்கள் ஆகின்றன என்பதுதான் என் ஆதங்கம். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வளர வளர சரியாப் போயிடும் என்பார்கள். பிறந்து மூன்று நான்கு மாதம் வரை கண் அங்கும் இங்கும் அலைவது இயல்புதான், அதற்கு மேலும் ஒரு கண் திரும்பியபடி இருந்தால் அது தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. மூக்குத்தண்டு அகலமாக இருந்து, இமையின் உள்மூலைத் தோல் மடிப்பு வெள்ளை விழியை மறைப்பதால் கண் திரும்பியது போலத் தெரிகிற குழந்தைகளும் உண்டு, அது நிஜ மாறுகண் இல்லை. வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். சிறு டார்ச்சைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள், இரண்டு கண் பாப்பாவிலும் ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள், ஒரு கண்ணில் நடுவிலும் இன்னொன்றில் ஓரத்திலும் விழுந்தால் கிளினிக்குக்குக் கிளம்புங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். விழித்திரையில் வரும் புற்றுநோய் அப்படித்தான் தன்னைக் காட்டும், மாறுகண்ணும் அதன் ஓர் அறிகுறி. நன்றாக இருந்த பிள்ளைக்குத் திடீரென்று கண் திரும்பி, தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் அது தலைக்குள் உள்ள பிரச்சினையாக இருக்கலாம், அதுவும் அவசரம்.

வழி ஒன்றும் மர்மமில்லை. தடுப்பூசிக்குப் போகும் அதே கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) மிஸ்ஸியிடம் கண்ணைக் காட்டி, டாக்டரிடம் லெட்டர் வாங்கினால் ஈப்போ பெரிய மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகலாம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் கிளினிக்கில் ஐந்து வெள்ளி. குழந்தைகளின் கண் தசையைப் பார்க்கிற நிபுணர் எல்லா ஊரிலும் இருக்க மாட்டார், வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால் போய்த்தான் ஆகவேண்டும். பிறப்புப் பத்திரச் சிக்கல் இருக்கும் பிள்ளைக்கு வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள், தோட்டப்புறத்தில் இந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை. அந்த நிலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடாமல் மருத்துவமனையின் சமூகநலப் பிரிவை அணுகுங்கள். முதலாம் ஆண்டில் பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழு பார்வையைச் சோதிக்கும்தான், ஆனால் அப்போது பிள்ளைக்கு ஏழு வயது. ஒரு வயதில் திரும்பிய கண்ணுக்கு ஏழு வயதில் கண்டுபிடிப்பு என்றால் மூளை பழகும் பருவத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

போக்குவரத்துச் செலவையும் சம்பள வெட்டையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கும் அம்மாவுக்கு ஒரு செக்கப் என்பது ஒரு நாள் சம்பளம். ஊசியோ ஒரு நாளில் முடிவதில்லை. முதல் சில வாரத்தில் ஒருமுறை, பிறகு மாதங்கள் இடைவெளியில், நடுவில் கண்ணாடி, சோம்பல் கண் இருந்தால் நல்ல கண்ணை மூடி ஒட்டும் துணி. நடுத்தரமான சோம்பல் கண்ணுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒட்டுவது, ஆறு மணி நேரம் ஒட்டுவதற்கு இணையாகப் பலன் தருகிறது என்று 2003ல் வெளிவந்த ஓர் அமெரிக்க சோதனை காட்டியது, அழுகிற பிள்ளையோடு மல்லுக்கட்டும் அம்மாக்களுக்கு அது நல்ல செய்தி. ஊசி போடச் சம்மதிக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு, எந்தெந்த மாதம் வரவேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேதிக்கு அம்மா, எந்தத் தேதிக்குச் சித்தப்பா, எப்போது எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைக்கும் என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒருமுறை போட்டுப் போதாமல் இரண்டாவது ஊசி போடுவது இந்த சிகிச்சையில் சாதாரணம், அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கும் கேட்காமல் அறுவை என்று சொன்னால், எந்தத் தசை, ஒரு கண்ணிலா இரண்டு கண்ணிலா, எத்தனை மாதத்துக்குள் என்று கேட்டு அந்தத் தேதியையும் அதே காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.